ரூம் டெம்பரேச்சர்னா எந்த ரூம்?

போன மாசம் கொடைக்கானல்ல, நம்ம வீட்டு ஹால்ல ஆறு பேர் வைன் டேஸ்டிங். பாட்டில்ல பேப்பர் சுத்தி பேரை மறைச்சுட்டு, குடிச்சு மார்க் போடுறதுதான் ஆட்டம்.

ரெட் வைனுக்கு ரூம் டெம்பரேச்சர்னு படிச்சிருந்தேன். கொடை கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். ஹால்ல 12 டிகிரி! குளிர்ல மணம் அடங்கிடும், துவர்ப்பு தூக்கலாத் தெரியும். சென்னையோட 30 டிகிரின்னா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். 16-18தான் சரி. கிளாஸை உள்ளங்கையில பொத்தி வெச்சோம். கால் மணி நேரத்துல அதே வைன்ல பழ வாசனை.

குடியை விட்ட நண்பன் ஒருத்தன், "நான் வரலாமாடா?"ன்னு முன்னாடியே கேட்டிருந்தான். அப்போதான் எனக்கே உறைச்சது. அவனுக்காக, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையில ஜூஸ், அதே மாதிரி கிளாஸ்ல. "இதுக்கும் மார்க் போடுங்கடா"ன்னான். போட்டோம். வைனைவிட ரெண்டு மார்க் அதிகம்.