மடத்தின் மதில், சிறையின் மதில்

தாமாகக் கதவைச் சாத்திக்கொள்வதும் பிறர் பூட்டிவைப்பதும் ஒன்றாகுமா? பிரான்சு நாட்டின் கிளேர்வோ மடத்தை 1115-இல் நிறுவியவர் துறவி பெர்னார்ட். மௌனமும் உழைப்புமே அங்கு வாழ்க்கை. பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற்றப்பட்டனர். 1808-இல் நெப்போலியன் அரசு அந்த மடத்தைச் சிறையாக்கியது. மதில்தான் தயாராக இருந்ததே! பெரிய தேவாலயமோ இடிக்கப்பட்டுக் கல்லாயிற்று.

அங்கே ஒரு கைதி, தனக்கு உணவில் பங்கு கொடுத்த தோழனைப் பிரித்த அதிகாரியைக் கொன்றான். அதைத்தான் விக்டர் ஹியூகோ 1834-இல் கதையாக்கினார். 1839-இல் பிரெஞ்சு மத்தியச் சிறைகளில் கைதிகள் பேசக்கூடாது என்றே விதி வந்தது. துறவி விரும்பி ஏற்ற மௌனம், கைதிக்குத் தண்டனையாயிற்று.

2023-இல் சிறை மூடப்பட்டது. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது.