பார்த்து நட என்று சொன்னால் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, வங்கி இணைப்பு பற்றிப் பேச நம்மிடம் நிறையப் பேர் இருக்காங்க. நான் தரையைப் பற்றிப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க. போன ஐப்பசியில எங்க குழு அக்கா ஒருத்தங்களுக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. அதுல என் தப்பும் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு சமையல்கூடம் நடத்துறோம். காலை டிபன், மதியச் சாப்பாடு, சின்ன விசேஷங்களுக்கு ஆர்டர். அன்னைக்கு எழுபது சாப்பாடு போகணும். வெளியில அடைமழை. சாதம் வடிச்ச கஞ்சி கொஞ்சம் தரையில சிந்திடுச்சு. பார்த்தது நான்தான். "பொட்டலம் கட்டி முடிக்கட்டும், அப்புறம் துடைச்சுக்கலாம்"னு சொன்னதும் நான்தான். பத்து நிமிஷம் ஆகல. அக்கா சாம்பார் வாளியோட வந்தாங்க. கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துட்டாங்க. வாளி அந்தப் பக்கம் சாய்ஞ்சதால உடம்பு வேகாம தப்பிச்சாங்க.

ஓடிப்போய்த் தூக்கினப்ப என் வாயில முதல்ல வந்தது என்ன தெரியுமா? "பார்த்து வரக் கூடாதாக்கா?" அந்த வலியிலயும் அவங்க, "ஆமாம்மா, என் தப்புதான்"னாங்க. அந்த வார்த்தை இன்னமும் என் மனசுல உறுத்துது. கையில கொதிக்கிற வாளி இருக்கிறவங்க வாளியைப் பார்ப்பாங்களா, காலுக்குக் கீழே பார்ப்பாங்களா?

ஆறு வாரம் மாவுக்கட்டு. தினம் வர்ற பங்குப் பணம் நின்னுபோச்சு. அவங்க தவணையை நாங்க அஞ்சு பேரும் பிரிச்சுக் கட்டினோம். ஆனா வீட்டு வேலையை யார் பிரிச்சுக்கிறது? பத்தாவது படிக்கிற பொண்ணு விடியக்காலையில எழுந்து சமைச்சு வெச்சுட்டுப் பள்ளிக்கூடம் போச்சு. துடைக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு இவ்வளவு விலை.

1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில், தரை, படிக்கட்டு, நடைவழி எல்லாம் உறுதியா இருக்கணும், வழுக்கக்கூடிய பொருள் அதுல இருக்கக் கூடாதுன்னு 32ஆவது பிரிவில் எழுதினாங்க. வேலையின்போது ஈரமாகிற தரைக்குத் தண்ணீர் வடிய வழி செய்யணும்னு 11ஆவது பிரிவில் எழுதினாங்க. இதை ஒரு பயிற்சியில கேட்டப்பதான் எனக்கு உறைச்சது. அங்கே தொழிலாளி பார்த்து நடக்கணும்னு சொல்லல. தரையை ஒழுங்கா வைக்கணும்னு சொல்லியிருக்காங்க.

மெப்ஸ் மாதிரி இடங்களில் கம்பெனி வேலைக்குப் போற நம்ம பொண்ணுங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலையில அடிபட்டு வீட்டுல இருக்கிற நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். ஆறு பேர் நடத்துற எங்க கூடத்துக்கு அது இல்ல. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரும் வந்து தரையைப் பார்க்க மாட்டார். நாமே முதலாளி, நாமே தொழிலாளி. அப்போ தரைக்குப் பொறுப்பு யாரு? நாமதான்.

அதுக்கப்புறம் நாங்க என்னென்ன மாத்தினோம்னு சொல்றேன். உங்களுக்கும் உதவும்.

ஒண்ணு, சிந்தினா அப்பவே துடைக்கணும். சிந்தினவங்க வேற வேலையில இருந்தா, பார்த்தவங்க துடைக்கணும். அதுவரைக்கும் அந்த இடத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு வெச்சிடுறோம், யாரும் மிதிக்காம இருக்க.

ரெண்டு, எண்ணெய்ப் பிசுக்கை வெறும் தண்ணியில துடைச்சா போகாது, கூடம் முழுக்கப் பரவத்தான் செய்யும். வெந்நீர்ல சோப்புத்தூள் கலந்து ஊத்தி, அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அப்புறம் நல்ல தண்ணியில அலசணும். சோப்பு நின்னா அதுவே வழுக்கும். காய்ஞ்ச கஞ்சியும் அப்படித்தான். மேலே தண்ணி பட்டதும் மறுபடி வழவழன்னு ஆயிடும். கடைசியா வைப்பரால தண்ணியைத் தள்ளி, காய்ஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும்.

மூணு, கழுவுறது அடுப்பு அணைஞ்ச பிறகுதான். நடுவுல கழுவியே ஆகணும்னா பாதி பாதியா. ஒரு பாதி காயுற வரைக்கும் மறுபாதியில நடக்கணும்.

நாலு, வாசல்ல போடுற பழைய கோணியையும் அட்டையையும் எடுத்துட்டோம். ஈரத்துல அது தரையோட நகருது, காலையும் வாருது. அடியில ரப்பர் உள்ள மிதியடி போட்டோம்.

அஞ்சு, செருப்பு. அடி தேய்ஞ்சு பளபளன்னு ஆன ஹவாய் செருப்பை நாம விட மாட்டோம். வரிக்கோடு போன டயர் மழையில சறுக்குதுல்ல, அதே கதைதான். கோடு ஆழமா இருக்கிற, பின்பக்கம் பட்டி உள்ள ரப்பர் செருப்பை வேலை இடத்துக்குன்னு தனியா வெச்சிருக்கோம்.

ஆறு, பெரிய பாத்திரத்தை ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும், மூடி போட்டுத் தூக்கணும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிட்டுத்தான் தூக்கணும்.

மழைக்காலத்துல இன்னும் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தண்ணி வடிஞ்ச பிறகு டைல்ஸ் மேல படிஞ்ச அந்த மெல்லிய சேறு எண்ணெயைவிட மோசம். முதல்ல வழிச்சு எடுக்கணும், அப்புறம்தான் கழுவணும்.

அப்படியும் விழுந்துட்டா? கையைப் பிடிச்சு நீவாதீங்க, உருவாதீங்க. கட்டுப் போடுற இடத்துக்கு ஓடுறதுக்கு முன்னாடி அரசு மருத்துவமனையில எக்ஸ்ரே எடுங்க. மாதவிடாய் நின்ன வயசுல நம்ம எலும்பு பலம் குறையுது, சின்ன விழுகையிலயே முறியலாம். சூடு கொட்டியிருந்தா இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய காயம்னா 108.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். தொழில் கடன் மனுவில் கிரைண்டர், அடுப்பு, பாத்திரம் என்று செலவு எழுதுகிறோம். இனிமேல் தண்ணீர் வடிகால், சொரசொரப்பான டைல்ஸ், மிதியடி, செருப்பு, இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதட்டும்: இந்த வாரம் தரைப் பொறுப்பு யார்? எங்க நோட்டில் முதல் பெயர் என்னுடையதுதான். நானே எழுதச் சொன்னேன்.

அந்த அக்கா இன்னைக்கு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. கை சேர்ந்துடுச்சு, ஆனா வாளி தூக்க முடியல. இப்போ கணக்கு எழுதறாங்க. அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பார்த்திருக்க வேண்டியது நீங்க இல்ல, நான்.