சுவரொட்டி அச்சாகுமுன் அகதிகளிடம் கேட்போம்

(மாதர், இளைஞர் அணிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தோட்டங்களிலும் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் ஒட்டுவதற்கென ஒரு சமாதானச் சுவரொட்டியின் மாதிரி நம்மிடம் வந்துள்ளது. அச்சிடுமுன் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். கலவரத்தில் ஓடியவர்களிடம்தான் இதை முதலில் காட்ட வேண்டும் என்று நாம் பதில் சொன்னோம்.

அவர்கள் யார்? நமது சனங்கள்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு, லயத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். யுத்தம் அங்கேயும் துரத்தியது. பலர் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த சமூகம் நாம். அதனால் முகாமுக்குப் போன நமது சனங்களில் பலர் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இருக்கவில்லை. 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் வசித்தவர்களுக்கே பொருந்தியது. இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களைச் சேர்க்க 2009இல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

திரும்பி வந்து உறவினர் லயங்களில் இருக்கும் சில குடும்பங்களிடம் மாதிரியைக் கொண்டு போனோம். "மறப்போம், மன்னிப்போம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஓர் அம்மா கேட்டார்: "மன்னிப்புக் கேட்டது யாரு? யாருமே கேக்காம நான் யார மன்னிக்கிறது?"

ஒரு பெரியவர் சொன்னார்: "மூணு நாளு எங்கள வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுச் சோறு போட்டது ஒரு சிங்களக் குடும்பம். அதையும் மறக்கணுமா? அந்தக் கதையப் போடுங்க. ரெண்டு பக்கமும் படிக்கட்டும்."

முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேறு இரண்டு விஷயங்களைக் காட்டினார்கள். சிங்கள வரிக்குக் கீழே தமிழ் வரி பாதி அளவில் இருந்தது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதானே என்று கேட்டார்கள். படத்தில் சிங்களவர் ஆசிரியராகவும் டாக்டராகவும் நிற்க, தமிழ்ப் பெண் மட்டும் கொழுந்துக் கூடையோடு நிற்கிறாள். கொழுந்து பறிப்பது கேவலமில்லை. ஆனால் நமது பிள்ளைகள் படித்து ஆசிரியராகவும் தாதியாகவும் வேலை செய்யும் காலத்தில் அந்த ஒரு படம் போதாது.

தோழர்களே, இந்த நான்கு குறைகளும் கந்தோரில் மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அடிபட்டவர்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

இனி எந்தத் தோட்டத்தில் இப்படிக் கேட்டாலும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம். துரைமாரோ பொலிசாரோ அங்கே இருக்கக் கூடாது. பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்கள் முன்னால் அவர்கள் வாய் திறக்காத விஷயங்கள் உண்டு. எழுத்து வாசிக்காதவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். பெயரும் போட்டோவும் அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே போகக் கூடாது. பழையதைப் பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. வேலை நாளில் கூப்பிட்டால் அவர்களுக்கு அரைப் பேர் போகும். அந்தச் சம்பளத்தைக் கேட்பவர்களே கொடுக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: திருத்திய மாதிரியை அதே ஆட்களிடம் மறுபடி கொண்டு போய்க் காட்ட வேண்டும். அவர்கள் சொன்னது எதுவும் மாறாமல், "அகதிகளிடம் கேட்டோம்" என்று மட்டும் அடியில் அச்சிடுவதற்கு நாம் சம்மதிக்க முடியாது. பக்கத்துக் கிராமத்துச் சனங்களிடமும் இதே மாதிரியைக் காட்டச் சொல்வோம். அங்கேயும் யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற நாம், அந்தத் தாய்மார் சொல்வதையும் கேட்க வேண்டும்.

இந்த ஒழுங்குகளைத் தீர்மானமாக எழுதியிருக்கிறோம். உங்கள் தோட்டக் கமிட்டியில் வாசித்து, கூட்டுவதையும் குறைப்பதையும் பேசி, கையெழுத்தோடு அனுப்புங்கள். அதுவரை அந்தச் சுவரொட்டிக்கு நமது சங்கத்தின் பெயரைக் கொடுக்க மாட்டோம்.