கிளை தறிப்போரும் உயரமும்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்து, மூதூருக்கு அண்மையில் இருப்பது கட்டைபறிச்சான். வடகீழ்ப் பருவக்காற்று எழுமுன் மின்கம்பிகளை உரசும் கிளைகளைத் தறித்துவிடுவது இத்தகைய கரையோர ஊர்களுக்கு இன்றியமையாத வேலை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

தளைநார் பூட்டி ஏறியவனுக்கு உயரத்தின் அபாயம் ஒவ்வோர் அடியிலும் தெரிந்தது. இன்றோ இரும்புக் கையின் நுனியில் தொட்டி பொருத்திய வண்டி வந்திருக்கிறது. தொட்டிக்குள் நிற்பவன் எப்படி விழுவான் என்று கேட்கிறார்கள். அவன் வழுக்கி விழுவதில்லை, வீசப்படுகிறான்! தறித்த பெருங்கிளை இரும்புக் கையின்மேல் விழுமாயின், அக்கை வளைந்து விற்போல மீள்கிறது, தொட்டியிலிருப்பவன் கவண்கல்லாகிறான். மணற்பாங்கான நிலத்தில் வண்டியின் தாங்குகால்களுக்கு அடியில் தடித்த பலகை இடாமற்போனால், வண்டியே சரிந்துவிடவும் கூடும். 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவன் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் தரையை அடைகிறான். கைநீட்டிப் பற்றுவதற்கு அவகாசம் ஏது?

ஆகவே தோளையும் தொடையையும் அணைக்கும் பட்டி வேண்டும். அதன் கயிற்றை இரும்புக் கையில் அதற்கென அமைந்த வளையத்திலேயே மாட்டவேண்டும், மரத்தில் கட்டலாகாது. மரத்தில் கட்டினால், தொட்டி நகரும்போது கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும். இடுப்புப்பட்டி மட்டும் போதாது. விழுகையின் அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். விழுபவரைத் தாங்க அப்பட்டியைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி முதல் விலக்கிவிட்டது.

பட்டியில் தொங்குபவரை விரைவில் இறக்கவும் வேண்டும். நெடுநேரம் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் கீழே நிற்பவரோ பெரும்பாலும் கயிறு பிடிக்க வந்தவர். தொட்டியைக் கீழிருந்து இறக்கும் விசை எதுவென அவருக்கு யாரும் காட்டியிருப்பதில்லை. அதனைக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

தரையில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவது நம்மவர் வழக்கம். இது முறிந்த முதுகெலும்புக்குப் பெருங்கேடு. அசைக்காது வைத்து, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினிடையே நேர்ந்த காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. விழுந்த நேரம், இடம், உயரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் நட்டஈடு கோரும்போது அது துணைநிற்கும்.