ஊசி மருந்தும் நம் கடமையும்



1928-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், கிருமி நோய்களிலிருந்து எண்ணற்றோரைக் காத்துள்ளது. ஆயினும் சிலருடைய உடம்புக்கு அது ஒவ்வாது. ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பும் மூச்சுத் திணறலும் கண்டு, மயக்கமுற்று, உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வேளையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. வீடு தேடி வந்து ஊசி போடும் பயிற்சியற்றவரிடம் அதை எதிர்பார்க்க இயலுமா?

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, டாக்டரின் யோசனைப்படி ஊசி போட்டுக்கொள்வோம். முன்பு எம்மருந்தேனும் ஒவ்வாதிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவோம். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருப்போம். ஜலதோஷத்துக்கு இம்மருந்து பயன்படாது. அதற்கு ஊசி கேட்டு வற்புறுத்த வேண்டாம். டாக்டர் குறித்த நாட்களுக்கு முன் நாமாக நிறுத்தவும் வேண்டாம்.

இதனை உறுப்பினர்கள் தத்தம் வார்டுகளில் வீடுதோறும் எடுத்துரைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.