இஞ்சினீயர் படிப்பு வீணா?



வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளையை இஞ்சினீயருக்குப் படிக்க வைக்கிறோம். பட்டம் வாங்கிய கையோடு, "இனி பௌதிகம் படிக்கப் போகிறேன்" என்று மகனோ மகளோ சொன்னால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நாலு வருஷப் படிப்பும் பணமும் வீண்தானா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். விடை தேட ஒருவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

பால் டிராக், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். 1921-ல் அவ்வூர்ச் சர்வகலாசாலையில் எலெக்ட்ரிகல் இஞ்சினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறினார். யுத்தத்துக்குப் பிந்திய மந்தம். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். அவருக்கும் வேலை கிடைக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதினார். வருஷத்துக்கு 70 பவுன் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அங்கே தங்கிப் படிக்க அது போதவில்லை. திறமை திறந்த கதவைப் பணம் சாத்தியது.

பிரிஸ்டலிலேயே கட்டணம் வாங்காமல் கணிதம் படிக்க இடம் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் முடித்தார். 1923-ல் அரசாங்கத்தின் விஞ்ஞான ஆராய்ச்சி இலாகா வருஷத்துக்கு 140 பவுன் கொடுத்தது, கேம்பிரிட்ஜ் போனார். 1928-ல் எலெக்ட்ரானுக்குரிய சமன்பாட்டைக் கண்டார். 1933-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சமன்பாட்டின் வழியே அவர் முன்கூட்டிச் சொன்ன பாசிட்ரான் என்ற துகள், இன்று ஆஸ்பத்திரிகளில் புற்றுநோயைப் படம் பிடிக்க உதவுகிறது.

அப்படியானால் முதல் படிப்பு வீணா? இல்லை. உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் இஞ்சினீயர், கடைசித் தசமம் வரை கணக்குப் போடுவதில்லை. எது முக்கியம், எதை விடலாம் என்று பார்க்கிறார். தோராயக் கணக்கை மதிக்கத் தமக்குக் கற்றுத் தந்தது அந்தப் படிப்புதான் என்று டிராக்கே பிற்காலத்தில் சொன்னார்.

இன்று நம் நாட்டிலும் வழி உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், நுழைவுப் பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறினால் பி.இ. படித்தவர்களும் பௌதிக ஆராய்ச்சியில் சேரலாம்; உபகாரச் சம்பளமும் உண்டு. ஆனால் குவாண்டம் இயக்கவியல் போல, விட்டுப்போன பாடங்களைத் தாமே உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

1921-ல் பரீட்சையில் வென்றவரும் 1923-ல் கேம்பிரிட்ஜ் போனவரும் ஒரே மனிதர்தான். இடையில் வந்து சேர்ந்தவை இலவசப் படிப்பும் பொதுப் பணமும்.

ஆகவே, "வீண்" என்று பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம். மூன்று கேள்வி கேட்போம்: பாடம் தெரியுமா? உபகாரச் சம்பளம் எங்கே கிடைக்கும்? அதுவரை வீட்டுச் செலவு எப்படி? முதல் இரண்டுக்கும் பிள்ளை விடை சொல்லட்டும். மூன்றாவதற்கு நாமெல்லோரும் சேர்ந்துதான் விடை காண வேண்டும்.