துகள் கணக்கில் விடுபட்ட கைகள்

(மேல்மலையனூர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிப்பான் என்று கூப்பிட்டிருப்பீர்கள். இன்றைக்குக் குப்பையைப் பற்றித்தான் பேசப்போறேன். நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். வரவு யாருக்கு, பற்று யார் தலையில் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அமாவாசை ராத்திரி அங்காளம்மனைப் பார்க்க ஜனங்க குவியுது. விடிஞ்சா தண்ணிப் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், கேரி பேக். கூட்டி அள்ளிட்டா போயிடுச்சுன்னு நினைக்கிறோம். போகவில்லை. வெயிலில் காய்ந்து, சக்கரத்தில் நசுங்கி, உடைந்து உடைந்து 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிறது. இதைத்தான் மைக்ரோபிளாஸ்டிக், நுண்நெகிழி என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்ப்சனும் கூட்டாளிகளும் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தச் சொல் பரவியது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆற்று மண்ணைக் கெட்டியான உப்புத் தண்ணியில் கலக்குகிறார்கள். மணல் அடியில் படியும். பெரும்பாலான பிளாஸ்டிக் மேலே மிதக்கும். கூடவே மிதக்கிற இலை தழையை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கரைக்கிறார்கள். மிச்சத்தை வடிகட்டி, நுண்ணோக்கியில் எண்ணி, அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி, இது பாலித்தீன், இது பாலியெஸ்டர் நூல் என்று இனம் பிரிக்கிறார்கள். நெல் தூற்றிப் பதர் பிரித்த நம்ம அம்மாக்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

சென்னைக் கடற்கரையில் பிளாஸ்டிக் குருணைகளை 2015 மார்ச்சில் எண்ணினார்கள். அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணினார்கள். மூன்று மடங்கு இருந்தது. கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து அடித்துக்கொண்டு போனவை அவை. நம்ம வட்டாரத்துச் சங்கராபரணியும் செஞ்சி மலைப்பக்கம் கிளம்பி, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில்தான் விழுகிறது. தெருவில் கிடப்பதற்குக் கடல்வரை வழியிருக்கிறது.

உடம்புக்கும் வழியிருக்கிறது. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேர் ரத்தத்தைச் சோதித்தார்கள். 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. உடனே சிலர் சொல்கிறார்கள்: பாருங்கள், பிளாஸ்டிக்குச் சாதி தெரியாது, எல்லார் ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று.

சரி. ஆனால் எல்லாரும் குப்பையிலிருந்து ஒரே தூரத்திலா நிற்கிறோம்? கூட்டுவது யார்? கையுறை இல்லாமல் பிரிப்பது யார்? கொளுத்தும்போது புகைக்குள் நிற்பது யார்? உங்கள் ஊரில் குப்பைமேடு எந்தத் தெருப் பக்கம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும், திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016 விதிகளே சொல்லின. விதி காகிதத்தில் இருந்தது, புகை சேரிக்குள் வந்தது. துகளை லிட்டருக்கு இத்தனை என்று எண்ணுகிற அறிவியல் தேவைதான். அந்த அட்டவணையில் இந்தக் கைகளுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. நல்லது. பறிமுதல் என்றால் முதலில் நிற்பது தள்ளுவண்டியா, உற்பத்தி செய்கிற ஆலையா? லாபம் ஆலையின் வரவு. நுரையீரலில் படிவது கூட்டுகிறவர் பற்று. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் நேராகாது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் காலையில் தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு வாங்க. எத்தனை கிலோ, உறையில் எந்தக் கம்பெனி பெயர், எழுதுங்க. கூட்டுகிற அக்காமார்களிடம் உட்கார்ந்து கேளுங்க: என்ன கூலி, முகக்கவசம் உண்டா, இருமல் எத்தனை நாளா? ரெண்டையும் ஒரே தாளில் எழுதி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.